அசையாத காலும் உறையும் குருதியும்



திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஆகும். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கும் அப்பாதை 2020ஆம் ஆண்டில் வெறிச்சோடிற்று. கொரோனாத் தொற்றைத் தடுக்க மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பௌர்ணமிக் கிரிவலமும் பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. உயிர்காக்க எழுந்த ஏற்பாடு அது. ஆயினும், அடைபட்ட உடலுக்கு வேறோர் இடர் காத்திருந்தது.

என்னோடு நாள்தோறும் அப்பாதையில் உலாவிவந்த நண்பர் ஒருவர், அந்நாட்களில் காலை முதல் இரவுவரை நாற்காலியிலேயே கழித்தார். ஒருநாள் அவருடைய இடக்கால் மட்டும் வீங்கி வலித்தது. எண்ணெய் தேய்த்து உருவிவிட வீட்டார் முனைந்தனர். செவிலியர் பயிற்சி பெற்றுவந்த பேத்தி அதைத் தடுத்து, அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். கொரோனாத் தொற்றும் குருதியை உறையச் செய்வதுண்டு. அவருக்கோ அத்தொற்று இல்லை. எனினும், காலின் ஆழ்ந்த சிரையில் குருதி உறைந்து கட்டியாகியிருந்தது.

இஃது எவ்வாறு நேர்ந்தது? கிணற்றில் ஏற்றம் இறைப்பதை எண்ணிப் பாருங்கள். மரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்தால்தான் நீர் மேலேறும். அவ்வாறே, நாம் நடக்குந்தோறும் கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளை அழுத்துகின்றன. குருதி இதயத்தை நோக்கி ஏறுகிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் அதனைக் கீழிறங்காமல் தடுக்கின்றன. தசை ஓய்ந்தால் ஓட்டம் தளரும்; தளர்ந்த குருதி உறையக்கூடும். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஊறு நேரும். இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ விளக்கினார்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1940இல் இலண்டன் மாநகர்மீது குண்டுகள் பொழிந்தபோது, மக்கள் காப்பிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவெல்லாம் அமர்ந்திருந்தனர். குண்டுக்குத் தப்பியவருள் சிலர் நுரையீரல் அடைப்பால் மாண்டனர். கீத் சிம்சன் என்னும் மருத்துவர் அதனை ஆராய்ந்து, நாற்காலிகளுக்கு மாறாகப் படுக்கைகள் வேண்டுமென வற்புறுத்தினார்.

ஆகவே, வீட்டிலிருப்பது தீங்கன்று; அசையாதிருப்பதே தீங்கு. மணிக்கொருமுறை எழுந்து கூடத்திலேனும் நடத்தல் வேண்டும். அமர்ந்திருக்கையில் கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல் நன்று. ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, வெம்மையுற்றால் உருவிவிடலாகாது, மருத்துவரை நாடவேண்டும். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

நண்பர், உறைவைத் தடுக்கும் மருந்தைச் சில மாதங்கள் உட்கொண்டு நலம் பெற்றார். இன்று மீண்டும் என்னோடு நடக்கிறார். இளைஞர்களே, தேர்வுக்காக நெடுநேரம் அமர்ந்து படிக்கும் உங்களுக்கும் இப்பாடம் உரியது. நூலை மூடவேண்டா, கையில் ஏந்தியவாறே சற்று நடந்து படியுங்கள்.