விண்ணுலகில் ஒரு கோமாளி

ரங்கத்தில் மழை பிடித்துக்கொண்டால் மாலைப்பொழுது வீட்டினுள்ளேயே கழியும். அத்தகைய மாலை ஒன்றில், 1963ஆம் ஆண்டு வெளிவந்த 'கலை அரசி' திரைப்படத்தைக் குறுந்தகட்டில் மீண்டும் கண்டோம். ஏ. காசிலிங்கம் இயக்கிய இதனை, வேற்றுக்கோள் மாந்தரைக் காட்டிய முதல் இந்தியப் படம் என்பர். ககாரின் விண்ணிற் பறந்து இரண்டே ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது.

கதை விந்தையானது. அந்தக் கோளில் அறிவியல் நம்மினும் ஓங்கியிருக்கிறது, கலைதான் இல்லை. ஆகவே அங்கிருந்து வரும் நம்பியார், இசைவல்ல வாணியைக் கவர்ந்து செல்கிறார். வாணியாக நடித்தவர் பானுமதி. இயந்திரத்தைப் பெயர்த்துச் செல்வதுபோல் பாட்டையும் பெயர்த்துவிடலாம் என்பது அக்கோளினரின் கணக்கு!

விண்கலமும் அவ்வுலகத்தாரின் உடையும் இன்று விளையாட்டுப் பொருள்களாகத் தோன்றும். நாமும் நகைத்தோம், மறுப்பதற்கில்லை. ஆயினும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கையில் வேறொன்று புலப்பட்டது. காதலியைத் தேடிச் செல்லும் மோகன், அங்கே தன்னைப் போன்றே தோற்றமுடைய கோமாளியின் வேடத்தைத்தான் புனைந்துகொள்கிறான். இருவராகவும் வருபவர் எம்.ஜி.ஆர். வாள்வீச்சுக்குப் புகழ்பெற்ற அந்நடிகர் இங்கே குறும்பும் தள்ளாட்டமுமாக உலவுகிறார். அத்துணை அறிவு படைத்தோர்க்கு, தம்மைச் சிரிக்க வைப்பவன் யாரென்று கண்டறியத் தெரியவில்லை. படத்தின் உண்மையான வேடிக்கை இதுவே. விண்கலத்தைப் பார்த்துச் சிரிப்பதோடு நின்றுவிடுவோர் இதனை இழப்பர்.

கே. வி. மகாதேவனின் இசைக்குப் பானுமதி தம் சொந்தக் குரலிலேயே பாடியுள்ளார். அவர் பாடத் தொடங்கிய ஓரிடத்தில், கீறல் விழுந்த தகடு நின்றுவிட்டது. துடைத்து மீண்டும் இட்டோம்.