விமானத்துக்கு ஒரு கொட்டில்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கடுகண்ணாவை ஏற்றத்துக்கும் பேராதனைக்கும் இடையே உள்ள ஊர் பிலிமத்தலாவை. விமானம் வந்து இறங்கும் ஊரன்று அது. ஆயினும், விமானங்களை நிறுத்திவைக்கும் பெருங்கட்டடத்துக்கு வழங்கும் ‘ஹாங்கர்’ என்னும் சொல்லை விளங்கிக்கொள்ள அவ்வூர் மாணவர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தையும் மாட்டுக் கொட்டிலையும் கண்டவர்கள் அச்சொல்லின் பொருளைப் பாதி அறிந்தவர்களே.

ஆங்கிலத்தில் ‘ஹாங்’ என்றால் தொங்குதல். ஆகவே விமானத்தைத் தொங்கவிடும் இடமே ஹாங்கர் என்று பொருள் சொல்வாருளர். உடுப்புக் கொளுவும் கருவிக்கும் ஏறத்தாழ அதே ஒலியுடைய பெயர் இருப்பதால் நேர்ந்த மயக்கம் இது. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் ஓரெழுத்தால் வேறுபடும். பிறப்பாலோ முற்றிலும் வேறுபடும்.

ஹாங்கர் பிரெஞ்சுச் சொல். குடியானவன் தன் வண்டியும் ஏரும் மழையில் நனையாதபடி நிறுத்திவைத்த கூரைக் கொட்டிலே அது. ‘வீடு’, ‘வேலி’ எனப் பொருள்படும் இரு பழைய ஜெர்மானியச் சொற்கள் இணைந்து பிறந்தது என்பது மொழிநூலார் பலர் கருத்து. ஆங்கிலத்து ‘ஹோம்’, ‘யார்ட்’ என்பனவும் அக்குடும்பத்தனவே.

வண்டிக் கொட்டிலின் பெயர் விமானத்துக்கு வந்தது காற்றினால் எனலாம். தொடக்கக் காலத்து விமானங்கள் மரச்சட்டமும் துணியுமாக இருந்தன. வெளியே விட்டால் ஒரு புயலுக்குத் தாங்கா. ரைட் சகோதரர் 1903இல் கிட்டி ஹாக் மணல்வெளியில் மரக்கொட்டகை கட்டியே தம் விமானத்தைக் காத்தனர். செப்பலின் பிரபுவின் முதல் ஆகாயக் கப்பல் 1900ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் பறந்தபோது, அதன் கொட்டகை கொன்ஸ்டன்ஸ் ஏரியில் மிதந்துகொண்டிருந்தது! வாயிலைக் காற்று வீசும் திசைக்கேற்பத் திருப்புவதற்காகவே இந்த ஏற்பாடு.

1909இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோ தம் விமானத்தை ஒரு மாட்டுக் கொட்டிலில் வைத்ததால் இப்பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை நன்று, ஆண்டுதான் பொருந்தவில்லை. அதற்கு முன்பே அச்சொல் வானவூர்தித் துறையில் வழங்கிவிட்டது.

‘விமானக் கொட்டகை’ என்னும் தமிழாக்கத்தைக் கேட்டு முகஞ்சுளிப்பவர் உளர். கொட்டகை எளிய சொல்லாம், ஹாங்கர் பெருமையுடையதாம்! பிரெஞ்சுக்காரர் தம் ஏர்க் கொட்டிலின் பெயரைத்தானே விமானத்துக்கு ஈந்தனர்? ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. சிறகு தட்டாதிருக்க இக்கொட்டகையின் நடுவே தூண் நிறுத்துவதில்லை. ஒரு பக்கம் முழுவதுமே வாயிலாகத் திறக்கும். இரத்மலானையிலுள்ள விமானப்படை அரும்பொருட்சாலையில், பறப்பதை விட்டுவிட்ட பழைய விமானங்கள் அத்தகைய கூரையின் கீழ் நிற்பதைக் காணலாம்.