பங்குப் படகில் தூண்டில்

பினாங்குத் தீவின் தென்மேற்கில் உள்ள புலாவ் கெண்டி, தூண்டில்காரர்களிடையே பேர்போன இடம். எதிரே பெருநிலத்தில் உள்ள பாகான் டாலாம்காரர்கள் 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தைக் கடந்து பத்து மவுங் போய்ப் படகேறலாம். வாடகையை ஏறுபவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்.

நாள் பார்ப்பதில்தான் சூட்சுமம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் கடுமையாகி ஈயக்குண்டு தரையில் நிற்காது. அஷ்டமி, நவமி வாக்கில் ஓட்டம் தணியும்; நல்ல காரியத்துக்கு ஆகாத திதி தூண்டிலுக்கு ஆகும்!

இறாலையோ கணவாய்த் துண்டையோ முள்ளில் கோத்து இறக்குவார்கள். பாறையோரம் களவா கடித்தால் உடனே தூக்க வேண்டும். இல்லையேல் பொந்துக்குள் புகுந்து நரம்பை அறுத்துவிடும். ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொள்வது மரியாதை. சிக்கெடுக்க உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும். மழைமேகம் திரண்டால் படகோட்டும் தெக்கோங் வைத்ததே சட்டம்.