காதலனை விரட்டியது சரியா? 200 ஆண்டுகளாக ஓயாத வாசகர் வழக்கு!

பெண்ணுக்கு வயது 19. பையனுக்குக் கடற்படையில் வேலை. இருவருக்கும் காதல். கல்யாணப் பேச்சு முடிந்த நேரத்தில், தாய் இல்லாத அந்தப் பெண்ணுக்குத் தாய் போல இருந்த ஒரு அம்மாள் குறுக்கே வந்தார். கையில் காசு இல்லாத பையன், கடலை நம்பிப் பிழைப்பவன், வேணாம்மா என்று எடுத்துச் சொன்னார். பெண்ணும் தலையாட்டிவிட்டாள். பையன் ஆத்திரத்தோடு கப்பல் ஏறினான்.

8 ஆண்டு கழித்து அவன் அதே ஊர்ப்பக்கம் வந்தான். இப்போது அவன் கேப்டன். எதிரிக் கப்பல்களைப் பிடித்ததில் 25 ஆயிரம் பவுண்டு சேர்த்திருந்தான். அவளுக்கு வயது 27. கல்யாணம் ஆகவில்லை. முகம் வாடிப்போயிருந்தது. அவளுடைய அப்பா ஊதாரித்தனத்தால் கடன்பட்டு, பரம்பரை வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். குடிவந்தவர்கள் யார் தெரியுமா? கேப்டனின் அக்காளும் அத்தானும்!

ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பெர்சுவேஷன்' என்ற ஆங்கில நாவலின் கதை இது. பெண் பெயர் ஆன் எலியட். பையன் வென்ட்வொர்த். குறுக்கே வந்தவர் லேடி ரஸ்ஸல். 1817 டிசம்பர் கடைசியில் புத்தகம் வெளிவந்தது. அதைப் பார்க்க ஆஸ்டின் உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜூலை 18-ல், 41 வயதில் காலமாகிவிட்டார். புத்தகத்துக்குப் பெயர் வைத்ததே அவருடைய அண்ணன் ஹென்றி என்கிறார்கள்.

பத்திரிகையின் கோபம்

புத்தகம் வந்த கையோடு வழக்கு ஆரம்பித்துவிட்டது. 'பிரிட்டிஷ் கிரிட்டிக்' பத்திரிகை 1818-ல் முகம் சுளித்தது. சிறுசுகள் தங்கள் இஷ்டப்படியே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதுதான் இந்தக் கதை சொல்லும் பாடமா என்று அதற்குக் கோபம்.

உண்மையில் கதை அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் ஆன், கேப்டனிடமே வாதாடுகிறாள். லேடி ரஸ்ஸல் சொன்ன புத்திமதி தப்பாகவே இருக்கட்டும். தாய் ஸ்தானத்தில் இருந்தவர் பேச்சை அந்த வயதில் நான் கேட்டது தப்பில்லை என்கிறாள். அதே சமயம், இப்படி ஒரு புத்திமதியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன் என்றும் சொல்கிறாள். இந்த இடத்தில்தான் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். "இவ்வளவு நல்லவளா ஒருத்தி இருப்பாளா?" என்று எரிச்சல் படுகிறவர்கள் உண்டு. எழுதிய ஆஸ்டினுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கதாநாயகி தனக்குக் கொஞ்சம் அதிகப்படியான நல்லவள் என்று 1817 மார்ச்சில் அண்ணன் மகள் ஃபேனிக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

லேடி ரஸ்ஸலை மட்டும் திட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. பிரிந்து 2 ஆண்டிலேயே வென்ட்வொர்த்துக்குக் கையில் சில ஆயிரம் பவுண்டு வந்துவிட்டது. அப்போது ஒரு கடிதம் போட்டிருந்தால் சம்மதித்திருப்பாயா என்று கடைசியில் கேட்கிறான். நிச்சயமாக என்கிறாள். அவனை எழுதவிடாமல் தடுத்தது அவனுடைய வீறாப்புதான். ஆக, 8 ஆண்டில் 6 ஆண்டு அய்யா கணக்கில்!

எமர்சன் எரிச்சல்

மரியா எட்ஜ்வொர்த் அன்று பெயர் பெற்ற நாவலாசிரியை. குடும்பக் கதையை நீட்டி முழக்கும் முதல் 50 பக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. காதல் பகுதியை மட்டும் மனமாரப் பாராட்டினார். மண்டியிட்டு நோயாளிக் குழந்தையைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஆனின் முதுகில் இன்னொரு குழந்தை ஏறிக்கொண்டு அழும்பு பண்ணுகிறது. கேப்டன் வாய் பேசாமல் வந்து அதைத் தூக்கி விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. தானே அங்கே இருப்பதுபோல் உணர்ந்ததாக எட்ஜ்வொர்த் எழுதினார்.

அமெரிக்க அறிஞர் எமர்சனோ 1861-ல் தன் நாட்குறிப்பில் போட்டுத் தாக்கிவிட்டார். கல்யாணம் கட்டப் பணம் இருக்கிறதா என்பதைத் தவிர இந்தக் கதைகளில் வேறு கவலையே கிடையாதா என்று அலுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் ஆன் மாதிரிப் பெண் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க முடியாது. புருஷன் இல்லாவிட்டால் அப்பன் வீட்டுச் சோறு. எமர்சனுக்கு அந்தக் கவலை இல்லை!

ராத்திரி தூங்காத ஆசிரியை

முதலில் குறை கண்டுபிடித்தவர் ஆஸ்டின்தான். 1816 ஜூலை 18-ல் கதையை முடித்துத் தேதியும் போட்டுவிட்டார். முடிவு சப்பென்று இருப்பதாகத் தோன்ற, மனம் சோர்ந்து படுக்கப் போனார். பிறகு தெம்பு வந்து, கடைசிப் பகுதியை மாற்றி எழுதி, ஆகஸ்டு 6-ல் முடித்தார். இப்படி வந்ததுதான் அந்த ஓட்டல் காட்சி. காதலை நீண்ட நாள் மறக்காமல் இருப்பது ஆணா, பெண்ணா என்று ஆன் ஒரு நண்பரிடம் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து மேஜையில் அதைக் கேட்டபடியே கேப்டன் அவளுக்குக் காதல் கடிதம் எழுதுகிறான். வாசகர்கள் பலருக்கு மனப்பாடமான கடிதம் அது. வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய முடிவின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

படிக்கட்டைத் தேடிய கவிஞர்

கதையில் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரைச் சிற்றூர் வருகிறது. யார் சொன்னாலும் கேட்காத லூயிசா என்ற பெண்ணின் மனஉறுதியைக் கேப்டன் மெச்சிக்கொண்டிருந்தான். 'காப்' என்ற கடல் சுவரின் படியிலிருந்து அவள் பிடிவாதமாகக் குதித்து மண்டையில் அடிபட்டபிறகுதான் உறுதி வேறு, முரட்டுத்தனம் வேறு என்று அவனுக்கு உறைத்தது.

1867-ல் கவிஞர் டென்னிசன் அந்த ஊருக்குப் போனார். மன்னனை எதிர்த்துப் படை திரட்டிய மான்மவுத் பிரபு கரை இறங்கிய இடத்தைக் காட்ட நண்பர்கள் முன்வந்தார்கள். அதெல்லாம் கிடக்கட்டும், லூயிசா விழுந்த இடம் எது, அதைக் காட்டுங்கள் என்றாராம்!

அந்தச் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கற்படிகளுக்கு 'பாட்டியின் பற்கள்' என்று பெயர். அங்கேதான் விழுந்தாள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லவே இல்லை, அந்தப் பக்கத்துப் படி என்று இன்னொரு சாரார் அடித்துப் பேசுகிறார்கள்.