கரன்ட் போனா சோலாரும் போயிடுமா? பேனல், பேட்டரி... எதுக்குச் செலவு பண்ணலாம்?

2024 நவம்பர் 30 ராத்திரியைப் புதுச்சேரிக்காரங்க அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டாங்க. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. கரன்ட் இல்லை, மோட்டார் ஓடலை, டேங்க்ல தண்ணி இல்லை, போன்ல சார்ஜ் இல்லை.

அதுக்கப்புறம் கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர்னு எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு வீடு ஒரு பேச்சு வருவது இயல்புதான். ``பேசாம மாடியில சோலார் போட்டுடலாமா?''

போடலாம். ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. நீங்கள் போடப்போவது சாதாரண சோலார் என்றால், அடுத்த புயலில் தெருவே இருட்டாகும்போது உங்கள் வீடும் இருட்டாகத்தான் இருக்கும். நல்ல வெயில் அடித்தாலும் சரி!

வெயில் இருந்தும் ஏன் கரன்ட் வராது?

மானியத்தோடு வீடுகளில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் `ஆன்-கிரிட்' சோலார். இது மின்துறை லைனோடு சேர்ந்து வேலை செய்யும். பகலில் உங்கள் தேவை போக மிச்ச மின்சாரம் லைனுக்குப் போகும். ராத்திரி நீங்கள் லைனிலிருந்து எடுப்பதில் அது கழிக்கப்படும். இந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் `நெட் மீட்டர்'.

லைனில் கரன்ட் போன அடுத்த கணமே இந்த இன்வெர்ட்டர் தானாக ஆஃப் ஆகிவிடும். கோளாறு எதுவும் இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இல்லையென்றால், ஃபீடரை ஆஃப் செய்துவிட்டு கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு, உங்கள் மாடியிலிருந்து போகும் கரன்ட்டால் ஷாக் அடிக்கும்.

ஆக, `பில் குறையணும்' என்பது ஒரு தேவை. `கரன்ட் கட் ஆனாலும் ஃபேன் ஓடணும்' என்பது வேறொரு தேவை. முதலாவதுக்குப் பேனல் போதும். இரண்டாவதுக்குப் பேட்டரி வேண்டும். ரெண்டையும் தனித்தனியா கணக்குப் போட்டாத்தான் தெளிவு கிடைக்கும்.

முதல் கணக்கு: பேனல்

1 கிலோவாட் பேனல், நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட், மாசத்துக்கு 120 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி மாடி தேவை.

2024-ல் மத்திய அரசு அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். முதலில் முழுப் பணத்தையும் நீங்கள் கட்ட வேண்டும். பேனல் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, சரிபார்த்த பிறகுதான் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். உள்நாட்டில் தயாரான செல், பேனலுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இனி, உங்க மின் பில்லைக் கையில எடுங்க. கடலூர், விழுப்புரம் ஆள்கள் போடும் யூடியூப் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அங்கே இரண்டு மாத பில், குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். புதுச்சேரியில் மாதா மாதம் பில், 100, 200, 300 என்று ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். சுலபமாகப் புரிய முதல் 100-க்கு 3, அடுத்த 100-க்கு 4, அதற்கடுத்த 100-க்கு 6, அதற்கு மேல் 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சரியான கட்டணத்தைப் பில்லில் பார்த்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பேனல் விலையும் பிராண்டைப் பொறுத்து மாறும்.

* மாதம் 100 யூனிட் வீடு: பில் 300 ரூபாய். 1 கிலோவாட் போட 75,000 ஆகிறது என்றால், மானியம் போக 45,000. ஆண்டுக்கு மிச்சம் 3,600. போட்ட காசு திரும்ப 12 வருஷத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

* மாதம் 250 யூனிட் வீடு: பில் 1,000 ரூபாய். 2 கிலோவாட்டுக்கு 1,30,000 என்றால், மானியம் போக 70,000. மாதம் 240 யூனிட் கிடைப்பதால் ஆண்டுக்கு 11,600 ரூபாய் மிச்சம். 6 வருஷத்தில் காசு திரும்பும்.

* ஏ.சி ஓடும் 450 யூனிட் வீடு: பில் 2,350 ரூபாய். 3 கிலோவாட்டுக்கு 1,80,000 என்றால், மானியம் போக 1,02,000. ஆண்டுக்கு மிச்சம் கிட்டத்தட்ட 25,000. 4 வருஷத்தில் காசு திரும்பும்.

பேனலுக்கு 25 வருட உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றும் செலவு வரும். அதைச் சேர்த்தாலும், ஏ.சி வீட்டுக்கு இது நல்ல லாபம்.

இரண்டாவது கணக்கு: பேட்டரி

பேட்டரிக்கு மானியம் கிடையாது. 5 யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரி ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 4.5 யூனிட் எடுத்தால் 10 வருஷத்தில் 16,000 யூனிட். அதாவது, ஒரு யூனிட்டைச் சேமித்து வைக்கவே 6 ரூபாய் செலவு. அதே வேலையை நெட் மீட்டர் வழியாக மின்துறை லைன் ஏற்கெனவே செய்துகொடுக்கிறது. அதனால், பில்லை மட்டும் பார்த்தால் பேட்டரி நஷ்டம்தான்.

அப்போ வேண்டாமா? அங்கேதான் புயல் கணக்கு வருது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. புயல் போனதும் பெரும்பாலும் வெயில் திரும்பிவிடும், ஆனால் லைன் திரும்பாது. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும். அதைத் திரும்ப சார்ஜ் போட லைன் வேண்டும். பேனலோடு இணைந்த பேட்டரி என்றால், மறுநாள் வெயிலில் மறுபடியும் நிரம்பும். மூன்று நாள் கரன்ட் இல்லாவிட்டாலும் தாங்கும்.

வீட்டில் நெபுலைசர் வைக்கும் தாத்தா, ஃபிரிட்ஜில் இன்சுலின் வைக்கும் அம்மா, கைக்குழந்தை, வீட்டிலிருந்தே வேலை... இதில் ஒன்று இருந்தாலும் பேட்டரியை இன்ஷூரன்ஸ் மாதிரி பாருங்க. இன்ஷூரன்ஸில் லாபம் தேட மாட்டோமே!

எவ்வளவு பேட்டரி போதும்?

வீடு முழுக்க பேக்கப் கேட்டால் செலவு எகிறும். 30 வாட் பி.எல்.டி.சி ஃபேன் மூன்று, 10 வாட் எல்.இ.டி பல்பு நான்கு, ஒரு வைஃபை... மொத்தமே 140 வாட். 10 மணி நேரத்துக்கு 1.4 யூனிட். ஃபிரிட்ஜுக்கு நாளைக்கு 1 யூனிட் சேர்த்தாலும் 2.5 யூனிட்டுக்குள் முடியும். ஏ.சி, கீசர், கிரைண்டரை இந்த லைனில் சேர்க்காதீர்கள். போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும். அதற்குத் தாங்குமா என்று இன்வெர்ட்டர் வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்...

* பேட்டரிக்கு இப்போ காசு இல்லையா? `ஹைபிரிட்' இன்வெர்ட்டராகக் கேளுங்க. பிறகு பேட்டரி மட்டும் வாங்கிச் சேர்க்கலாம். மானியத்துக்கு ஏற்ற மாடல்தானா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

* ``கரன்ட் போனா எந்தெந்த லைட், எந்தெந்த ஃபேன் ஓடும்?'' இதற்கான பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

* ஸ்டாண்ட் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று கேளுங்கள். துருப்பிடிக்காத கால்வனைஸ்டு கம்பியா, கான்கிரீட்டில் போல்ட் போடுகிறார்களா என்று பாருங்கள்.

* பக்கத்துத் தென்னை மர நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும், அதோடு இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். காலை, மதியம், மாலை என மூன்று நேரமும் மாடியைப் போட்டோ எடுத்துப் பாருங்கள்.

* அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி மேல இன்னொரு மாடி கட்டும் யோசனை இருக்கா? அதை முடித்துவிட்டுப் பேனல் போடுங்கள். கழற்றி மாட்டுவது தண்டச் செலவு.

பில் 250 யூனிட்டைத் தாண்டினால் பேனலைத் தைரியமாகப் போடலாம். பேட்டரிக்கு உங்கள் பில் பதில் சொல்லாது. ஃபெஞ்சல் ராத்திரியில் உங்கள் வீட்டில் யார் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவங்க முகம் ஞாபகத்துக்கு வந்தா, அதுதான் பதில்!