பழைய 'சூப்பர் 8' கேமரா வாங்கப் போறீங்களா? உஷார்!

"தங்கம் மாதிரி கேமரா சார்!" என்பார் வியாபாரி. நம்பி நான் பணத்தை நீட்டினேன். மோட்டார் ஓடவே இல்லை!

கோடாக் 1965-ல் கொண்டுவந்த ரகம் இது. வாங்கப் போகும்போது பையில் புது பென்டார்ச் செல் இருக்கட்டும்.

பச்சை பூத்திருக்கா?

செல் போடும் இடத்தைத் திறங்க. பச்சை பூத்திருந்தால் வேண்டாம். விசையை அழுத்தினால் மோட்டார் சீராக ஓடணும்.

பிலிம் 50 அடிதான். நொடிக்கு 18 படம் வீதம் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும்.

ஓசி பிலிம்

'கோடாக்ரோம்' பிலிம் ஓசியில் கொடுத்தால் ஏமாறாதீர்கள். அதைக் கலரில் கழுவிய கடைசி லேப் அமெரிக்காவின் கான்சாஸில் இருந்தது. 2010 டிசம்பர் 30-உடன் அதுவும் பிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது.

கல்யாணத்துக்குப் புது பிலிமே போடுங்க. தாலி ஒரு தடவைதான் கட்டுவாங்க!