300 மீட்டர் ஆழத்துக்குச் செய்த வாட்ச்... கல்யாண வீட்டுக்குக் கட்டிப் போவது ஏன்?

சென்னைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் இடத்தில்கூட கடலின் ஆழம் 20 மீட்டரைத் தொடாது. ஆனால், ரோலெக்ஸ் சப்மரைனர் வாட்ச் 300 மீட்டர் ஆழம் வரை தாங்கும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினாலும் அந்த ஆழத்தை எட்டாது!

இத்தனை ஆழத்துக்கு யார் போகப் போகிறார்கள்? இதை வாங்குபவர்களில் பலர் நீச்சல் குளத்தோடு சரி. ஆனாலும் பல லட்ச ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள், காத்திருந்து வாங்குகிறார்கள். 70 ஆண்டுகளாக இந்த மவுசு குறையவே இல்லை. காரணம் என்ன?

மூச்சுக்கு மணி பார்த்த கருவி

இன்று அந்தஸ்துக்காகக் கட்டும் இந்த வாட்ச், முதலில் உயிர் காக்கும் கருவியாகத்தான் பிறந்தது. முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குபவருக்கு ஒரே ஒரு கணக்குதான் முக்கியம். உள்ளே வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று, இன்னும் எத்தனை நிமிடத்துக்குக் காற்று இருக்கிறது? அந்தக் கணக்கு தப்பினால் மேலே வர முடியாது.

பிளாங்பேன் நிறுவனத்தை நடத்திய ழான்-ழாக் ஃபியெக்டர் முக்குளிப்பதில் ஆர்வம் உள்ளவர். ஒருமுறை நேரம் போனதே தெரியாமல் கடலுக்குள் காற்று தீர்ந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டார். 1953-ல் அவரது நிறுவனம் கொண்டுவந்த 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' வாட்ச், பிரெஞ்சுக் கடற்படை வீரர்களின் கைக்குப் போனது. அதே 1953-ல் உருவானதுதான் ரோலெக்ஸ் சப்மரைனர். தொடக்கத்தில் 100 மீட்டர் தாங்கியது, இன்று 300 மீட்டர்.

டயலைச் சுற்றி 60 வரை எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதற்குப் பெயர் பெசல். தண்ணீரில் இறங்கும்போது அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு நிமிட முள் காட்டும் எண்தான் உள்ளே கழிந்த நேரம். இன்றைய டைவிங் வாட்ச்களில் இந்த வளையம் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும். பாறையில் இடித்து நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் டைவர் சீக்கிரமே மேலே வந்துவிடுவார். அந்தச் சின்ன வளையத்தில் இருக்கும் அக்கறை இதுதான்!

1962-ல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வில் ஷான் கானரி சப்மரைனர் கட்டினார். கடலுக்காகச் செய்த வாட்ச், கோட் சூட்டோடும் பொருந்தியது.

நம்ம ஊர் பந்தம்

'ரோலெக்ஸ் எல்லாம் நமக்கு எங்கே' என்று நினைக்கிறீர்களா? இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எச்.எம்.டி.க்கு அடுத்து அவர்கள் வாயில் வரும் பெயர்களில் ஒன்று 'ஃபேவர் லூபா'. 1737-ல் தொடங்கிய இந்த ஸ்விஸ் நிறுவனம், 1865-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. சீ சீஃப், சீ கிங் என்று கடல் பெயர் தாங்கிய சாவி கொடுக்கும் வாட்ச்கள் இங்கே ஏராளமாக விற்றன. மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச், முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கும்.

இதே நிறுவனம் 1960-களில் 'டீப் ப்ளூ' என்ற டைவிங் வாட்ச்சையும், எத்தனை ஆழத்தில் இருக்கிறோம் என்பதை முள்ளாலேயே காட்டும் 'பாத்தி' வாட்ச்சையும் செய்தது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஸ்விஸ் கம்பெனிகள் பல ஆட்டம் கண்டன. ஃபேவர் லூபாவும் தப்பவில்லை.

2011-ல் அந்தப் பெயரை வாங்கியது யார் தெரியுமா? நம் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன்! டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 2023-ல் ஃபேவர் லூபா எத்தோஸ் குழுமத்துக்குக் கைமாறியது. 2024-ல் டீப் ப்ளூ புது வடிவில் மீண்டும் வந்தது.

இன்னொரு பக்கம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே, துறைமுகத்தை ஒட்டி உருவான கடை வரிசை. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் வடசென்னைக்காரர்கள் 'ஃபாரின் வாட்ச்' என்பதைக் கண்ணால் பார்த்த இடம் அதுதான்.

இன்னும் ஏன்?

உண்மையைச் சொன்னால், இன்றைய டைவர்கள் நம்புவது கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரை. ஆழம், நேரம், எந்த வேகத்தில் மேலே வர வேண்டும் என எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். அப்படியென்றால் டைவிங் வாட்ச் தேவையில்லையா?

தேவை குறைந்திருக்கிறது, ஆசை குறையவில்லை. பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், அப்டேட் வேண்டாம். ஸ்மார்ட்வாட்ச் நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல மெக்கானிக்கல் வாட்ச்சை சர்வீஸ் செய்து செய்து பேரன் வரை கட்டலாம். இருட்டிலும் ஒரே பார்வையில் மணி தெரிய வேண்டும் என்று வரைந்த டயல் என்பதால், எந்தக் காலத்திலும் அதன் அழகு பழையதாகத் தோன்றுவதில்லை.

வாங்கும் முன், தண்ணீரில் இறங்கும் முன்...

* '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டர், முக்குளிக்க 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

* சாவி கொடுக்கும் குமிழை முழுவதும் திருகி மூடாமல் தண்ணீரில் இறங்கினால், எத்தனை லட்சத்து வாட்ச்சானாலும் உள்ளே நீர் போய்விடும்.

* உள்ளிருக்கும் ரப்பர் வளையம் நாளாக நாளாகக் காய்ந்து இறுகும். தாத்தாவின் பழைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு கடலில் குளிக்கவே வேண்டாம்.

* உப்புக் காற்று அடிக்கும் கடலோரத்தில் வாட்ச்சின் செயினை அடிக்கடி ஈரத்துணியால் துடையுங்கள். கடல் நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

* நொடி முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் ஒரிஜினல் என்று நம்பாதீர்கள். போலியும் அப்படியே ஓடும். அங்கீகாரம் பெற்ற கடை, பில், வாரன்ட்டி கார்டு ஆகிய மூன்றும் இல்லாத 'சல்லிசான ரோலெக்ஸ்' வேண்டவே வேண்டாம்.

* பழைய ஃபேவர் லூபாவுக்குப் புதிய டயல் மாற்றிப் பளபளவென்று விற்பவர்கள் உண்டு. விண்டேஜ் பிரியர்கள் தேடுவது மங்கியிருந்தாலும் அசல் டயலைத்தான். உங்கள் வீட்டு பீரோவில் ஒன்று கிடந்தால், பாலிஷ் போடவோ வந்த விலைக்குத் தள்ளவோ அவசரப்படாதீர்கள். விவரம் தெரிந்த வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்து, சுத்தம் செய்து, ஆயில் போட்டு, சாவி கொடுத்துப் பாருங்கள்.

அது மறுபடி ஓடத் தொடங்கினால், அதற்கு இணையான லக்ஸுரி வாட்ச் எந்த ஷோரூமிலும் கிடைக்காது!